கூட்டுக்குள் போக மறுக்கும் வாத்துகள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். குஞ்சாக வாங்கிய நான்கு வாத்துகளைக் குளியலறையில் அட்டைப்பெட்டி வைத்து வளர்த்தோம். இப்போது நான்கு மாதம் ஆகிறது. கொல்லையில் மரக்கூடு செய்து வைத்தால் உள்ளே போக மறுக்கின்றன. பிடித்து அடைத்தால் இரவெல்லாம் கத்துகின்றன. மனம் கேட்காமல் என் மகன் மறுபடியும் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. நடுராத்திரியில் கத்தியதும் கதவைத் திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்பதைத்தான் வாத்து கற்றுக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோழி வளர்த்துப் பழகியவர்கள்தான் வாத்திடம் அதிகம் தடுமாறுகிறார்கள். பொழுது சாய்ந்தால் கோழிக்குப் பார்வை மங்கிவிடும். தானே கூடு தேடி வரும். வாத்துக்கு அந்த அவசரம் கிடையாது. அரையிருட்டிலும் மேயும், நிலா வெளிச்சம் இருந்தால் வாய்க்காலை விட்டு ஏறவே மனம் வராது. ஆகவே தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருபவர்களை உங்கள் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளை, வயல் மாற மாற, தாழ்வான ஒரு வலைக்குள் அடைத்துவிடுகிறார்கள். இடம் புதிதுதான், ஆனால் கூட்டமும் ஓட்டுகிற கோலும் அடைக்கிற நேரமும் மாறுவதில்லை. வாத்துக்கு அது போதும்.

இனி கூட்டைப் பாருங்கள். கோழிக்கூடு போலக் கால் கொடுத்து உயர்த்தி ஏணி சாய்த்திருந்தால், பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் இயலாமைதான். நாட்டு வாத்துக்கு ஏணி ஏற வராது. கூட்டைத் தரையோடு இறக்குங்கள். முடியாவிட்டால் அகலமான பலகையைச் சாய்த்து, வழுக்காமல் குறுக்குச் சட்டங்கள் அடியுங்கள். வாசல் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் நான்கும் ஒரே நேரத்தில்தான் நுழையப் பார்க்கும். வாத்துக்கு நான்கு சதுர அடி வீதம் இடம், நான்கு விரல் கனத்துக்கு உமியோ வைக்கோலோ இருந்தால் போதும். உட்காரக் கழி வேண்டாம். பூஞ்சை வாடை அடிக்கும் வைக்கோலை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள், நுரையீரலைக் கெடுத்துவிடும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும், மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும் அடிக்கும். வாசல் வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள். பங்குனி வெயிலில் வெறும் தகரத்துக்கடியில் எந்த வாத்தும் நிற்காது.

பழக்குவது இப்படி. முதல் இரண்டு மூன்று நாள் கூட்டைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை கட்டி, பகல் முழுவதும் அதற்குள்ளேயே விடுங்கள். குளியலறையில் அவை படுத்த சாக்கையோ வைக்கோலையோ கொஞ்சம் கூட்டுக்குள் போடுங்கள். மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டுமே வையுங்கள். ஊறவைத்த தவிட்டில் ஒரு கைப்பிடி நெல் கலந்தால் மறுப்பு சொல்லாது. இருட்டுவதற்கு அரைமணி முன்னால், தினமும் அதே நேரத்தில், கைகளை விரித்துக்கொண்டோ நீளமான கோலைத் தாழப் பிடித்தோ பின்னால் மெதுவாக நடங்கள். விரட்டினால் சிதறும். பிடித்தே ஆகவேண்டும் என்றால் இறக்கைகளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்; வாத்தின் கால் எளிதில் பிசகிவிடும், அதைப் பிடித்து இழுக்காதீர்கள். தீனி உள்ளே இருக்கும்வரை தண்ணீரும் இருக்க வேண்டும், அலகும் மூக்கும் முழுக்க நனையும் ஆழத்தில். தின்று முடித்தபின் தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டால் படுக்கை நனையாது. கோடையில் மட்டும் தண்ணீரை வைத்துவிடுங்கள்.

இரவுக் கத்தல் எல்லாம் ஒன்றல்ல. விட்டுவிட்டுக் குரல் கொடுப்பது உங்களைத் தேடுவது; நாளாக நாளாகக் குறையும். நான்கும் ஒன்றாக அலறிச் சுவரில் மோதினால் டார்ச்சோடு ஓடுங்கள், மரநாயோ பாம்போ வந்திருக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ்ஷும் (பற்றவைத்த கம்பிவலை) உறுதியான கொண்டியும் போட்டுவிட்டால் அந்த ஓட்டம் பெரும்பாலும் தேவைப்படாது. கோழிவலையை நம்பாதீர்கள், நாய் கிழித்துவிடும். இருட்டில் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒரு ஜீரோ வாட் பல்பு உதவும்.

நான்கையும் சேர்த்தே அடையுங்கள். சேர்ந்து தூங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பது, வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிடுகிறது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. தனியாக அடைத்த வாத்துக்குக் காவலைப் பகிர ஆள் இல்லை.

ஓரிரு மாதத்தில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கலாம். வாத்து பெரும்பாலும் விடியற்காலையிலேயே இட்டுவிடும். காலை எட்டரை, ஒன்பது மணிக்கு முன் திறந்தால் முட்டை வாய்க்காலுக்குப் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று உள்ளே போய், ஒன்று மட்டும் வாசலில் பின்தங்கி நின்றால், அதன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுத்த தழும்போ வீக்கமோ இருந்தால் அது வலியால் நிற்கிறது. அதைப் பழக்க முயலாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.