‘கீபோர்டின் இடது கை போதும் தம்பி’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வயது 26. பகலில் படகு இன்ஜின் பட்டறையில் வேலை. நான்கு வருடமாக, பாட்டின் அடிச்சுரங்களைத் தருகிற பேஸ் கிதார் வாசிக்கிறேன். கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்தது, இப்போது ஒரு சின்ன இன்னிசைக் குழுவிலும் இருக்கிறேன். எங்கள் ட்ரம்மர் அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் கரையில் இருக்கிற நாளில்தான் ரிகர்சல்.

நான்கு வருடத்துக்கு முன் வாசித்ததையே இன்றைக்கும் வாசிக்கிறேனோ என்று தோன்றுகிறது. என்னோடு ஆரம்பித்த லீட் கிதார் பையன் எங்கேயோ போய்விட்டான். போனில் பெரிய பெரிய ஆட்கள் கட்டைவிரலால் தட்டித் தட்டி பேஸ் வாசிப்பதைப் பார்க்கிறேன், எனக்கு அந்த வேகம் வரவில்லை. எங்கள் கச்சேரியை யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் அதில் என் சத்தமே இருக்காது. போன மாதம் குழு நடத்துகிற அண்ணன், “சின்ன புரோகிராமுக்கெல்லாம் கீபோர்டின் இடது கை போதும் தம்பி, பெரிய மேடைக்கு மட்டும் வா” என்று சொல்லிவிட்டார். அடிச்சுரங்களைக் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே வாசித்துவிட்டால் ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று பார்க்கிறார்.

நான் வளர்கிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லீட் கிதாருக்கு மாறிவிடலாமா? அப்புறம், உப்புக்காற்றில் கம்பி மூன்றே மாதத்தில் துருப்பிடிக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனக்கஷ்டத்தில் பாதி அதிலிருந்து வருகிறது. பேஸின் தடித்த கம்பி, நம் மேடைப் பேச்சில் மூணு கட்டை, திறந்து மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. உள்ளங்கை அளவு போனில் இருக்கிற ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. அதன் மேல் சுரங்களின் சாயல் மட்டும் கொஞ்சம் வரும். அதனால் போன் வீடியோவை வைத்து உங்கள் வாசிப்பை எடைபோடாதீர்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, அந்தச் சுரத்தின் ஒலியலை நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பத்தடி அறையில் ரிகர்சல் பண்ணும்போது அது சுவரில் மோதித் திரும்பி, மூலையில் தேங்கிக் குமுறும். கடற்கரை மணலில் மேடை போட்டால் திருப்பி அனுப்பச் சுவரே கிடையாது, போன சத்தம் போனதுதான். ரிகர்சலில் வீட்டையே அதிரவைத்தவன் மேடையில் ஊமையாகிவிட்ட மாதிரி இருக்கும். பயந்துபோய் கம்பியை ஓங்கி அடிப்போம். அடித்தால் கரகரப்புதான் கூடும். அப்படி இடம் வந்தால் அதற்கு அடுத்த, ஆறு கட்டைக் கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டுக்கு, அதாவது ஏழாவது கட்டத்துக்குப் போங்கள். அதே மூணு கட்டை ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறது, வெட்டவெளியிலும் காதுக்கு எட்டும்.

சரி, வளர்ச்சி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வாசிக்க ஆரம்பித்து ஐந்தாவது வருடம் இருக்கும். சாயல்குடிக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு ஊர்த் திருவிழா. ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது பாட்டில் என் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கருகல் வாடை வந்தது, அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்து, இடது கையைத் தூக்கிக் காட்டி, “நான் பார்த்துக்கறேன்” என்று சைகை செய்தார். நான் பேஸைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் இறங்கி, காலியான ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் வேறு வேலை இல்லை. நான் இல்லாத என் குழுவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஜனங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே கைதட்டல், அதே விசில். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ட்ரம்மர் ஓட ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு பாட்டும் பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறியது. கீபோர்டுக்காரரின் வலது கைக்குக் கஷ்டமான இடம் வந்தபோதெல்லாம் இடது கை ஒரே சுரத்தில் நின்றுவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு கையும் ஒரே மூளைதானே. நான் மறக்காத விஷயம் பாடகி அக்காவுடையது. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர் அவர். அன்றைக்கு ஒவ்வொரு சரணம் ஆரம்பிக்கும்போதும் கண்ணைத் திறந்து கீபோர்டுக்காரரைப் பார்த்தார். யோசித்துப் பார்த்தேன். சரணத்துக்குத் திரும்புகிற இடத்தில் நான் மூன்று சுரம் ஏறி வந்து புது கார்டில், அதாவது அடுத்த சுரக்கூட்டில், கால் வைப்பது வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எப்படியோ கையில் படிந்துபோனது. அக்கா அந்த மூன்று சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் சரணத்துக்குள் இறங்கியிருக்கிறார். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் அதுவரை தெரியாது.

பேஸ் வாசிக்கிறவனின் வளர்ச்சி அவன் விரலில் தெரிவதற்கு முன்னால், கூட வாசிக்கிறவர்களிடம் தெரிந்துவிடுகிறது. நீங்கள் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். லீட் வாசிக்கிற பையனின் வளர்ச்சி அவன் கையிலேயே எல்லோருக்கும் தெரியும், அந்த அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ட்ரம்மர் ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் நின்றுவிட்டு, பாதித் தூக்கத்தோடு ரிகர்சலுக்கு வருகிற நாளில் தாளம் ஆடாமல் நிற்கிறதா? நான்கு வருடத்துக்கு முன் அப்படி நின்றதா? பாடுகிறவர் திடீரென்று அரைக் கட்டை இறக்கச் சொன்னால் குழு தடுமாறுகிறதா, இல்லை உங்கள் முதல் சுரத்தைக் கேட்டு எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்களா? ஒரு ரிகர்சலில் வேண்டுமென்றே நீங்கள் வாசிக்காமல் வெளியே உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

அப்படியென்றால் கையை வளர்க்க வேண்டாமா என்றால், கட்டாயம் வளர்க்க வேண்டும். எதை வளர்ப்பது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஒரு சுரத்தை எப்போது தொடுவது என்று முதல் இரண்டு வருடத்தில் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். அதை எப்போது விடுவது என்று பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. இன்றைக்கு ராத்திரி இதைச் செய்து பாருங்கள். ரொம்பச் சுலபமான பாட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலால் அடிக்கிற பெரிய கிக் ட்ரம் விழும்போது சுரத்தைத் தொட்டு, குச்சியால் அடிக்கிற ஸ்நேர் ட்ரம் விழுகிற அதே நொடியில் இடது கை விரலை லேசாகத் தளர்த்துங்கள். கம்பியை விட்டு விரலை எடுக்க வேண்டாம், அழுத்தத்தை மட்டும் எடுத்தால் போதும். சத்தம் பட்டென்று அடங்கும், அந்த இடைவெளியில் ஸ்நேர் பளிச்சென்று வெடிக்கும். அப்புறம் அதே சுரத்தை ஸ்நேருக்கு மேலேயும் நீட்டி வாசியுங்கள். பாட்டு சோம்பேறித்தனமாக அசையும். சுரமும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை, ஆனால் பாட்டே வேறாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு வருடம் போனது. வீணாகப் போனதாக நினைக்கவில்லை.

இதைக் கேட்டுப் பழக நாம் வெளிநாடு வரைக்கும் போக வேண்டாம். நம் ராமநாதபுரத்து சி. எஸ். முருகபூபதியின் மிருதங்கத்தைத் தேடிக் கேளுங்கள். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற வித்வான். வலது பக்க வலந்தலையை மறந்துவிட்டு இடது பக்கத் தொப்பியை மட்டும் பின்தொடருங்கள். நடுவில் ரவை அப்பி சுருதியை இறக்கிய அந்தத் தோலில், உள்ளங்கை எப்போது சத்தத்தைத் திறந்து விடுகிறது, எப்போது மூடுகிறது, எப்போது அழுத்தி இழுக்கிறது என்று கேளுங்கள். பேஸுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது வாய். இளையராஜா பாடல்களில் பேஸ் பல இடங்களில் தனியாக இன்னொரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அவரிடம் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்து, ஒரு வாரம் பேஸைத் தொடாமல், அந்தக் கீழ் மெட்டை வாயாலேயே பாடுங்கள். பட்டறையில் வேலை செய்துகொண்டே பாடலாம். வாயில் வந்துவிட்டால் கை தானாக இடம் கண்டுபிடிக்கும். நான்கு சிலிண்டரில் ஒன்று மிஸ்ஸானால் காதாலேயே கண்டுபிடிக்கிற தொழில் உங்களுடையது. அந்தக் காதை மேடைக்கும் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சீராகத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் வைத்துப் பழகுகிறீர்களா என்று எழுதவில்லை. போனில் இலவசமாகவே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 50-இல் வைத்து, விழுகிற ஒவ்வொரு ‘டக்’கையும் நான்கு தட்டில் 2, 4 என்று எண்ணுங்கள். 1, 3 உங்கள் பொறுப்பு. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள்.

கட்டைவிரல் தட்டு வாசிப்பு உண்மையான வித்தை, ஆசையிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது வரவில்லை என்பதற்காகத் தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு நான் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்வேன். 1960களில் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே வாசித்தார். அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி இசைத்தட்டுகளில் வாசிக்கிறவர்கள் பெயரைப் போடுகிற வழக்கமும் இல்லை. உலகமே அவர் வாசிப்புக்கு ஆடியது, யார் வாசித்தது என்று தெரியாமல். பேர் போடாதது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை விரலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் ட்ரம்மரைப் பற்றி எழுதிய ஒரே வரி என் மனதில் நின்றுவிட்டது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று கடலே பங்கு போட்டுக் கிடக்கிற கரையில், ஒரு குழு கூடி உட்காருவதே பெரிய காரியம். முழுக் குழுவுக்காகக் காத்திருக்காதீர்கள். அவரும் நீங்களும் மட்டும் உட்காருங்கள். பாடகர் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில்தான் இருப்பார். கோயில் கொடை, திருவிழா என்று புரோகிராம் நெருக்கமாக இருக்கிற மாதங்களும் அவைதான், அதனால் காலையில் ஒரு மணி நேரம் போதும். ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள். அந்த இரண்டு மாதம் அவருக்குக் கடல் வருமானம் கிடையாது, புரோகிராம் காசில்தான் வீடு ஓடும். ரிகர்சலுக்குக் கூப்பிடும்போது அவர் வீட்டு நிலைமையைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். என் பழைய குழு உடைந்தது இசையால் இல்லை, இதையெல்லாம் யாரும் யாரிடமும் கேட்காததால்தான்.

குழு நடத்துகிற அண்ணனிடம் சம்பளத்துக்காகச் சண்டை போடாதீர்கள். அவருக்கு சவுண்டு சர்வீஸ், வண்டி, சாப்பாடு எல்லாக் கணக்கும் இருக்கிறது. என்னையும் ஒரு குழுவில் இப்படித்தான் நிறுத்தினார்கள். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டி வந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது, அந்த வலி எனக்குத் தெரியும். ஒன்று செய்யுங்கள். அடுத்த இரண்டு சின்ன புரோகிராமில், ஒன்றுக்கு நீங்கள் வாசியுங்கள், ஒன்றுக்குக் கீபோர்டின் இடது கை வாசிக்கட்டும். இரண்டையும் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அவரும் நீங்களும் ட்ரம்மரும் ஒரு நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால், சரி, பெரிய மேடைக்கு மட்டும் போங்கள். கோயில் பாடகர் குழுவை மட்டும் விடாதீர்கள். வாராவாரம் புதுப் பாட்டு, வாராவாரம் வேறு கட்டை, பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்த இருபது குரல். அந்தக் குரல்களை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கப் பழகியவனுக்கு எந்த மேடையும் பயமில்லை.

லீட் கிதாருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது உங்கள் வாய் எதை முணுமுணுக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். மேலே போகிற மெட்டு என்றால் தாராளமாக மாறுங்கள், அதில் குற்றமே இல்லை. அடியில் ஓடுகிறது என்றால், தம்பி, மாறாதீர்கள். நம் பக்கத்தில் பேஸ் வாசிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

கடைசியாகக் கம்பி. உப்பு ஈரமும் கை வேர்வையும் சேர்ந்துதான் அரிக்கிறது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியும் துடையுங்கள். அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கடல் பக்கச் சுவரில் மாட்டாமல் பையில் போட்டு வையுங்கள். சத்தம் மங்கிவிட்டால் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் சுத்தமாகப் போகும் வரை காயவைத்து மாட்டுங்கள். சுற்றுக்குள் அடைந்த அழுக்கு வெளியே வந்து சத்தம் கொஞ்ச நாளைக்குத் திரும்பும். இரண்டு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், முறுக்காணி பக்கம் அறுந்துவிடும். கையில் காசு சேரும்போது ஃப்ளாட்வுண்டு கம்பிக்கு மாறுங்கள். விலை அதிகம். ஆனால் மேல் சுற்று தட்டையாக இருப்பதால் அழுக்கு தங்க இடம் குறைவு, வருடக்கணக்கில் வரும். ஜேமர்சனும் அதைத்தான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். சத்தம் சற்று மழுங்கலாக இருக்கும். கோயில் பாட்டுக்கும் பழைய சினிமாப் பாட்டுக்கும் அது நன்றாகவே சேரும்.

மிக்ஸரில் எடுத்த அந்த இரண்டு பதிவையும் எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன். ட்ரம்மர் அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.