ஒரு பென்சில் கோடு

ஐயா, வணக்கம்.

இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்ந்த பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேருவதற்கு முன்பு ராத்திரி முழுக்க நாவல் படிப்பேன். இப்போது நாலு பக்கம் தாண்டுவதற்குள் கதைசொல்லி எதை மறைக்கிறான் என்று மனசு துருவ ஆரம்பித்துவிடுகிறது. போன பருவத்தில் பட்டறை வகுப்பில், அதாவது ஒருவர் கதையை எல்லோரும் படித்துக் கருத்துச் சொல்லும் வகுப்பில், என் கதையை எடுத்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அம்மா பாத்திரமே வேண்டாம் என்றார் ஒருவர், அம்மா மட்டும் போதும் என்றார் இன்னொருவர். முடிவை மாற்று என்றும் சொன்னார்கள், முடிவைத் தொடாதே என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் கதைகளும் வந்தன, எல்லாம் பரவாயில்லை ரகம். மூன்று மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? விலகிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

முடியாது என்று சொல்லிக்கொண்டே சொல்லிக்கொடுக்கும் இடமும் உண்டு. 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழகப் பட்டறை, எழுத்தைக் கற்பிக்க இயலாது, எழுதுபவரை ஊக்கப்படுத்தலாம் என்றுதான் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970இல் இந்தப் படிப்பு தொடங்கியது. அங்கே படித்த நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பரிசு வாங்கினார். அதே வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் பேனாவையே தொடாதவர்களும் இருப்பார்கள். ஆகவே அந்தக் கேள்வியை விடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கதை பேசப்பட்ட நாள் உங்களுக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. மற்ற பதினோரு கதைகளுக்கும் சேர்த்து 'பரவாயில்லை ரகம்' என்று ஒரே வரி. எனக்கு உறுத்தியது அதுதான். நம் கதைக்கான நாளில் காது அடைத்துப்போகும், யார் என்ன சொன்னாலும் வலிதான் மிஞ்சும். கற்றுக்கொள்வதெல்லாம் அடுத்தவர் கதை மேசையில் கிடக்கும்போது. அங்கே நமக்கு ரோஷம் இல்லை, கண் தெளிவாக இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கதை பேசப்பட்ட அன்று, படித்தவர்களிடமிருந்து ஒன்பது பிரதிகள் திரும்பி வந்தன. எட்டில் ஓரமெல்லாம் சிவப்பு மை, யோசனைகள், அம்புக்குறிகள். ஒன்றில் மட்டும் எழுத்தே இல்லை. நாலாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பென்சில் கோடு. 'அவளுக்குத் துக்கம் தாளவில்லை' என்பது அந்த வாக்கியம். கோடு போட்ட பெண்ணிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "அந்த வரியில நீ என்னை நம்பலைன்னு தோணுச்சு" என்றாள். அதற்கு முந்தைய பத்தியில் அந்தப் பாத்திரம் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். துக்கம் அங்கேயே வந்துவிட்டது, நான்தான் ஓடிப்போய் விளக்கவுரை எழுதியிருக்கிறேன். மற்ற எட்டுப் பிரதிகளையும் அப்புறம் பரப்பிவைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முரணான யோசனைகளில் பாதி அந்த நாலாம் பக்கத்தைச் சுற்றித்தான். இடறிய இடம் எல்லோருக்கும் ஒன்று. வைத்தியம்தான் ஆளுக்கொன்று.

உங்கள் கதையின் பதினோரு பிரதிகளையும் அப்படிப் பரப்பிப் பாருங்கள். அம்மா வேண்டாம் என்றவரும் அம்மா போதும் என்றவரும் ஒரே பக்கத்தில் நின்று பேசியிருக்கக்கூடும்.

நாவல் ருசிக்கவில்லை என்கிறீர்கள். ஆங்கில இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர் போடாத கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அந்தப் பதில்களை 1929இல் நூலாக்கினார். நன்றாகப் படித்த பிள்ளைகளே நல்ல கவிதையைத் திட்டியிருக்கிறார்கள், சுமாரானதற்கு உருகியிருக்கிறார்கள். பெரிய பெயர் துணைக்கு இல்லாவிட்டால் எல்லோருக்கும் அந்தத் தடுமாற்றம்தான். நீங்கள் இப்போது அதற்குள் இருக்கிறீர்கள். துருவுகிற மனசு அடங்கக் கொஞ்ச காலம் ஆகும், எனக்கு நாலு வருஷம் ஆனது. இலக்கியக் கோட்பாட்டுத் தேர்வுக்கு மூல நூலைத் தொடாமல் சுருக்கக் குறிப்பை உருப்போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது ருசியையும் கெடுக்கும், புத்தியையும் கெடுக்கும்.

விலகுவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் படிப்பு முடிந்த மறுநாள் முதல், உங்கள் கதையைக் கடைசி வரி வரை படித்தே தீரவேண்டிய கட்டாயம் உலகத்தில் ஒருவருக்கும் கிடையாது. இப்போது பதினோரு பேருக்கு இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் உங்கள் கதை வேண்டாம். அந்த 'பரவாயில்லை' கதைகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துப் படித்துவிட்டு, எந்த வரியில் பென்சில் நின்றது என்று எழுதுங்கள்.

அன்புடன்.