ஃபிரிட்ஜ் மேல் காய்ந்த பர்கர்

(வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் பாம்பனில் கருவாட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். மண்டபம் பக்கம் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மதுரையில் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது ஒரு சிக்கன் பர்கர் வாங்கி வந்தான். பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜ் மேலே வைத்தவன் அப்படியே மறந்துவிட்டான். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் பூசணம் இல்லை, புழு இல்லை, நாற்றம்கூட இல்லை. கட்டையாகக் கிடக்கிறது. "எல்லாம் மருந்து" என்கிறார் மாமியார். மகனோ ஐஸ்லாந்தில் பத்து வருடமாகக் கெடாத பர்கர் என்று வீடியோ காட்டிச் சிரிக்கிறான். நான் அவிக்கிற இட்லி மறுநாளே நூல் விடுகிறது. அப்படி என்னதான் போடுகிறார்கள் அதில்?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மாமியாரிடம் ஒன்று கேளுங்கள் தங்கச்சி. உங்கள் வீட்டுப் பானையில் இருக்கிற நெத்திலிக் கருவாட்டில் அவர் என்ன மருந்து போட்டார்? உப்பும் வெயிலும்தானே. பர்கருக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். கெடுவதற்கு முன்னால் காய்ந்துவிட்டது.

உணவு தானாக அழுகுவதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்று பெருகுவதைத்தான் நாம் அழுகல் என்கிறோம். பெருக அவற்றுக்கு ஈரம் வேண்டும். அதிலும் உப்போ சீனியோ பிடித்து வைத்திருக்கிற ஈரம் உதவாது, எடுத்துக்கொள்ளத் தோதாக இருக்கிற ஈரம் வேண்டும். சோதனைக்கூடத்தில் இதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக அளப்போம். சுத்தமான தண்ணீர் 1. பச்சை மீன் 0.99 பக்கம், ரொட்டி 0.95 பக்கம் நிற்கும். 0.91-க்குக் கீழே போனால் மீனையும் கறியையும் கெடுக்கிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வளர மாட்டா. 0.80-க்குக் கீழே வழக்கமான பூஞ்சைகளும் நின்றுவிடும். 0.60-க்குக் கீழே எதுவுமே வளராது. ஆக இது ஒரு ஓட்டப் பந்தயம். ஒரு பக்கம் ஈரம் வெளியேறுகிறது, மறுபக்கம் கிருமி பெருகுகிறது. எது முந்துகிறதோ அதன் பக்கம் முடிவு.

உங்கள் மகனின் பர்கரில் எல்லாமே ஈரத்துக்கு எதிராக அமைந்துவிட்டது. உள்ளே இருக்கிற கறித்துண்டு மெல்லிசு. எண்ணெயிலோ தட்டிலோ வெந்தபோதே ஓரளவு ஈரத்தை விட்டிருக்கும், அதில் இருந்த கிருமிகளும் செத்திருக்கும். பன்னை வாட்டித்தான் கொடுக்கிறார்கள். உப்பு வேறு இருக்கிறது. பாதி தின்ற பர்கர் என்பதால் காற்றுப் படுகிற இடமும் அதிகம். சுற்றிய தாள் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். வைத்த இடமோ ஃபிரிட்ஜின் தலை; பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று ராத்திரி பகலாக வந்துகொண்டே இருக்கும். எங்கள் அப்பத்தா இப்படி ஓர் இடம் கிடைத்திருந்தால் மழைக்காலத்திலும் கருவாடு போட்டிருப்பார்.

ஐஸ்லாந்து கதை உண்மைதான். 2008-இல் அந்த நாட்டு வங்கிகள் கவிழ்ந்ததைத் தொடர்ந்து, 2009 அக்டோபர் கடைசியில் மெக்டொனால்ட்ஸ் அங்கே கடையை மூடியது. மூடுவதற்குச் சற்று முன்பு ஒருவர் பர்கரும் பிரெஞ்ச் ஃபிரைஸும் வாங்கி, கெடுகிறதா என்று பார்க்க வைத்துக்கொண்டார். முதலில் அவர் வீட்டுக் கார் கொட்டகை, பிறகு தேசிய அருங்காட்சியகம், அப்புறம் ஒரு விடுதியின் கண்ணாடிப் பெட்டி. 2019-இல் பத்து வருடம் முடிந்தபோது உலகமே நேரலையில் பார்த்தது. குளிர் நாட்டில் கணப்பு போட்ட அறைக்குள் காற்று காய்ந்து கிடக்கும். அதே பர்கரை நம் ஊர் ஐப்பசி மழையில், கதவைச் சாத்திய ஓட்டு வீட்டுக்குள் வைத்திருந்தால் பந்தயம் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நெத்திலி ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும்; வாடைக்காலத்தில் இரண்டு நாள் போட்டு எடுத்தாலும் பிசுபிசுக்கும் என்பது உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மருந்தே கிடையாதா என்றால், உண்டு. பாக்கெட் ரொட்டியின் பின்பக்கத்தில் 282 என்று ஓர் எண் இருக்கும். கால்சியம் புரோப்பியோனேட். பூஞ்சையைச் சில நாள் தள்ளிப்போடும். நம் நாட்டிலும் அனுமதிக்கப்பட்ட சரக்குதான். ஆனால் அது நாள் கணக்கில்தான் உதவும், வருடக் கணக்கில் காக்காது. நம்பாவிட்டால் அதே பாக்கெட் ரொட்டியை வாயைக் கட்டி அடுப்படியில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். மெக்டொனால்ட்ஸ்கூட 2018-இல் அமெரிக்காவில் தன் வழக்கமான பர்கர்களின் பன்னிலிருந்து அந்தப் பொருளை எடுத்துவிட்டதாக அறிவித்தது.

இட்லிக்கு வருகிறேன். ஆவியில் வெந்தது, உள்ளே முழுக்க ஈரம். அதையும் சூட்டோடு ஹாட்பாக்ஸில் போட்டு மூடுகிறோம். கிருமிக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? அதே அரிசியைச் சோறாக்கி, மிஞ்சியதை உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து வெயிலில் கிள்ளி வைத்தால் வடகம். வருடம் முழுக்க டப்பாவில் இருக்கும். இட்லி கெட்டது அதன் பெருமையும் இல்லை, பர்கர் கெடாதது அதன் குற்றமும் இல்லை.

நான் பர்கருக்கு வக்கீல் இல்லை. அந்தச் சீஸ் வாடையே எனக்கு ஆகாது. மைதா, கொழுப்பு, உப்பு என்று அதைக் குறை சொல்ல நியாயமான காரணங்கள் நிறைய இருக்கின்றன. அதைச் சொல்லி மகனைத் தடுங்கள். அழுகவில்லை என்பதைச் சொன்னால், "அப்ப கருவாடு?" என்று திருப்பிக் கேட்பான்.

கேள்வி: நான் அதே மாதிரி ஒரு பர்கரை டிபன் டப்பாவில் மூடி வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குள் பஞ்சு பஞ்சாகப் பூசணம். எங்கள் ஊர்க் கடையில் மருந்து குறைவாகப் போடுகிறார்களா?
- வாசகர், ஏர்வாடி

பதில்: கடையை விடுங்கள் தம்பி, டப்பாவைப் பாருங்கள். மூடிய டப்பாவில் ஈரம் எங்கே போகும்? மூடியில் வியர்த்து மறுபடி பன் மேலேயே சொட்டும். 2010-இல் கென்ஜி லோபஸ்-ஆல்ட் என்ற அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் இதை ஒழுங்காகச் செய்து பார்த்தார். மெக்டொனால்ட்ஸ் பர்கரையும், அதே அளவில் வீட்டில் செய்த பர்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திறந்து வைத்த இரண்டும் காய்ந்து சுருங்கின. காற்றுப்புகாத பையில் போட்ட பர்கர் ஒரு வாரத்துக்குள் பூசணம் பூத்தது. வீட்டுக் கறியும் கடைக் கறியும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. அது போதும். நீங்கள் அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள்.

கேள்வி: வெளியே அழுகாத சாப்பாடு வயிற்றுக்குள் மட்டும் எப்படிச் செரிக்கும்? குடலில் அப்படியே தங்கிவிடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே.
- வாசகர், தொண்டி

பதில்: செரிப்பது வேறு, அழுகுவது வேறு. வயிற்றில் அமிலமும், குடலில் கணைய நீரும் பித்த நீரும் சேர்ந்து உணவை உடைக்கின்றன. அதற்குக் கிருமி வந்து அழுக வைக்க வேண்டியதில்லை. காய்ந்த பொருளும் உள்ளே போனதும் நனைந்துவிடுகிறது. கல்லாக இருக்கிற திருக்கைக் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அது குடலில் தங்கிவிட்டது என்று யாரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

கேள்வி: சாளைக் கருவாடு போட்டு மூட்டை கட்டி வைத்திருந்தோம். மழை ஆரம்பித்ததும் மேலே இளஞ்சிவப்பாகப் படர்ந்துவிட்டது. உப்புத் தாராளமாகத்தான் போட்டோம். சாப்பிடலாமா, விற்கலாமா?
- வாசகி, வாலிநோக்கம்

பதில்: உங்கள் ஊர் உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் முற்றி வரும்போது சிவந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான உப்பு விரும்பிக் கிருமிகளின் கூட்டம்தான் உங்கள் மூட்டையிலும் இருக்கிறது. உப்பு பெரும்பாலான கிருமிகளை ஓட்டிவிடும். இவை ஒரு தனிச் சாதி. உப்பு இல்லாவிட்டால் செத்துவிடும். உப்பு கரைகிற அளவு கரைந்து முட்டிய நீர், பர்கர் பதிலில் சொன்ன ஈர எண்ணில் 0.75-இல் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலும் இவை வளரும். கல்லுப்போடு சேர்ந்தே மீனுக்கு வருகின்றன. காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு கசிந்து, அந்தக் கசிவில் பெருகுகின்றன.

இவை நேராக நோய் கொடுப்பவை அல்ல. ஆனால் சதையைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கி, ஒரு நெடியைக் கிளப்பும். லேசாக மேலே மட்டும் படர்ந்திருந்தால் சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவி நல்ல வெயிலில் மறுபடி காய வைத்து, வீட்டுக்குச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். விற்காதீர்கள். தொட்டால் ஒட்டுகிறது, முகர்ந்தால் மூக்கில் ஏறுகிறது என்றால் குழிதோண்டிப் புதைப்பதே நல்லது. அடுத்த முறை பழைய உப்பைத் திரும்பப் போடாதீர்கள். மிச்சம் பிடிக்கிற ஆசையில்தான் பெரும்பாலும் இது வருகிறது. தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். மணலில் போடாமல் வலை கட்டிய பரண் மேல் போட்டால் அடியிலும் காற்றுப் போகும். மழைக்காலச் சரக்குக்கு ஃபிரிட்ஜில் இடம் இருந்தால், அந்தக் குளிரில் இந்தக் கிருமி வளராது.

சாளைக்கு இன்னொரு வம்பு உண்டு. நெய்ச்சத்து மீன் என்பதால் கிருமி இல்லாமலே காறிப்போகும். மஞ்சளாகி, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வருவது அதுதான். அது காற்றும் கொழுப்பும் செய்கிற வேலை. வருடக் கணக்கில் வைத்த பர்கரிலும் இதுவே நடந்திருக்கும். படத்தில் வாடை தெரியாது.

மருந்து, மருந்து என்று பயப்படுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஈ மொய்க்காமல் இருக்கக் காய்கிற மீன் மேல் பூச்சி மருந்து தெளிக்கிற கெட்ட வழக்கம் சில இடங்களில் உண்டு. ஈர மீன் காய்கிற களத்தில் ஒரு ஈ கூட இல்லை என்றால், அங்கே கேள்வி கேளுங்கள். பர்கரிடம் கேட்பதைவிட அது அவசரம்.

கேள்வி: எங்கள் ஊர்த் தொதல் மட்டும் பல நாள் தாங்குகிறதே, தேங்காய்ப்பால் பண்டம் கெட வேண்டாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: தேங்காய்ப்பாலைக் கை ஓயக் கிண்டி ஈரத்தை ஓட்டிவிடுகிறீர்கள். மிச்சத்தைக் கருப்பட்டியோ சீனியோ பிடித்துக்கொள்கிறது. கருவாட்டில் உப்பு செய்வதை இங்கே இனிப்பு செய்கிறது. பிள்ளைகள் ஈரக் கரண்டியை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கால் கிலோ அனுப்பினால் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று நானே சோதித்துச் சொல்வேன்.

கேள்வி: சூரை வாங்கிக் குழம்பு வைத்தோம். மீனில் நாற்றம் இல்லை, நிறமும் நன்றாக இருந்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வந்துவிட்டன. மருத்துவர் ஊசி போட்டதும் சரியாயிற்று. கெடாத மீன் எப்படிக் கெடுத்தது?
- வாசகி, இராமேஸ்வரம்

பதில்: கண்ணுக்குத்தான் கெடவில்லை. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வல்லத்திலோ கரையிலோ வெயிலில் கிடந்தால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரக்கிற பொருள்தான் அது. அதனால்தான் அலர்ஜி மாதிரியே தெரியும். நாற்றம் கிளம்புவதற்கு முன்பே இது சேர்ந்துவிடலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஹிஸ்டமின் சாகாது. உறைய வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் போகாது. பொரித்தாலும் அப்படியே இருக்கும். சோதனைக்கூடத்தில் மற்ற மீனைவிடச் சூரைக்கு நாங்கள் அதிகம் பயந்தது இதனால்தான்.

வாங்கும்போது செவுளையும் கண்ணையும் பார்ப்பதோடு, ஐஸில் இருந்ததா என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மீன் எடைக்கு எடை ஐஸ் வேண்டும். மேலே நாலு கட்டியை உடைத்துப் போட்டது கணக்கில் வராது. வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்து உடனே குளிரில் வையுங்கள். வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி சுரீரென்று இருந்தால் துப்பிவிட வேண்டியதுதான். உங்கள் கணவருக்கு வந்த மாதிரி அரிப்போடு மூச்சு முட்டலும் சேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மீன், எங்கே வாங்கியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.