பிள்ளைகளின் புள்ளியும் ஆசிரியரின் சம்பளமும்

அன்புள்ள தங்கச்சி,

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் கற்பித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்திருக்கும் நீங்கள், இங்கே பிள்ளைகள் எடுக்கும் புள்ளியைப் பார்த்துத்தான் ஆசிரியருக்குச் சம்பளம் கூட்டுவார்களா, வகுப்பு பின்தங்கினால் சம்பளத்தில் கை வைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அரச பாடசாலை ஒன்றில் நீங்கள் தொடர்ந்து இருக்கும்வரை, பிள்ளைகளின் புள்ளிக்காக வாங்கும் சம்பளத்தைக் குறைப்பது வழக்கமில்லை. ஆனால் அடுத்த சம்பளப் படிக்கு ஏற்றாமல் நிறுத்திவைக்க முடியும்.

ஊரில் வருடாந்தச் சம்பள ஏற்றம் பெரும்பாலும் தன்பாட்டில் வந்து சேருவதுபோலவே இங்கும் ஒரு காலம் இருந்தது. 2013இல் அரசாங்கம் அதை மாற்றி, ஒவ்வொரு வருடமும் ஆசிரியரின் செயற்றிறனை மதிப்பிட்டே படியேற்றம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2024 செப்டெம்பரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இருந்தாலும் ஒரு பாடசாலை விரும்பினால் பழைய முறையையே தொடரலாம் என்பதால், வேலைக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அந்தப் பாடசாலையின் சம்பளக் கொள்கையைக் கேட்டு வாங்கி முழுவதும் வாசியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2016இல் ஆறாம் ஆண்டு வகுப்பொன்றை என்னிடம் தந்தார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் மே மாதத்தில் எழுதும் சாற்ஸ் என்ற தேசியப் பரீட்சையில், மூலப்புள்ளியை மாற்றிக் கணிக்கும் அளவீட்டில் 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம்; அது முழுப்புள்ளி அல்ல. 99 எடுத்தால் இல்லை. எத்தனை வீதமான பிள்ளைகள் 100ஐ எட்ட வேண்டும் என்பதே எனக்கு எழுதித் தந்த இலக்கு. தை மாதம் அளவில் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து, 95க்கும் 99க்கும் இடையில் நின்ற ஏழு பிள்ளைகளின் பெயர்களுக்கு மஞ்சள் மை பூசி, மேலதிக வகுப்பெல்லாம் இவர்களுக்குத்தான் என்றார்கள். அந்தப் பட்டியலின் அடியில், வருடத் தொடக்கத்தில் ஒரு பந்தியைக்கூடத் தடக்காமல் வாசிக்கமுடியாத ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தது. அவளோடு நான் மதிய இடைவேளைகளில் இருந்து வாசித்தேன். மே மாதத்தில் அவள் 91 எடுத்தாள். மஞ்சள் பூசியவர்களில் இருவர் 98இலும் 99இலும் நின்றுவிட்டார்கள். ஐப்பசியில் நடந்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் எனக்குப் படியேற்றம் இல்லை என்று முடிவாகியது. அந்த 91 எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை. அதை நினைக்க எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது.

சம்பளத்தைப் புள்ளியோடு இணைப்பது எல்லா இடத்திலும் பயனற்றுப் போனது என்று சொல்லவும் மாட்டேன். ஆந்திரப் பிரதேசத்துக் கிராமப் பாடசாலைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுத்த பாடசாலைகளின் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்று 2011இல் வெளியிட்டார்கள். அங்கே ஒரு வெட்டுப்புள்ளியை வைத்துக் கணிக்காமல், ஒவ்வொரு பிள்ளையும் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதைச் சராசரியாக எடுத்தார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 15,000 டொலர் வரை கொடுத்துப் பார்த்தபோதோ, பிள்ளைகளின் புள்ளியில் பொதுவாக மாற்றம் எதுவும் காணப்படவில்லை. எதை அளக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

எங்கள் ஊரிலும் இப்படிச் செய்தால் நல்லதுதானே என்றும் எழுதியிருந்தீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளை எண்ணிச் சம்பளம் கூட்டுவதென்றால், யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலைகளில் இருப்பவர்களுக்கு அது சுலபமாகக் கிடைக்கும். காலையில் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய்ப் படிப்பிக்கிற ஆசிரியருக்கு என்ன கிடைக்கும்? ஏற்கெனவே அங்கே போக ஆளில்லாத நிலையில், போகிறவரையும் இடமாற்றம் கேட்கவைக்கிற ஏற்பாடாகவே அது முடியும். அதோடு, பின்னேரம் முழுவதும் ரியூசனில் இருக்கிற பிள்ளை எடுத்த புள்ளி யாருடைய உழைப்பு என்று எந்த வலயக் கல்விப் பணிமனை பிரித்துச் சொல்லும்? வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளை முன்வாங்கிலும் மற்றவர்களைப் பின்வாங்கிலும் இருத்துகிற பழக்கம், ஒரு சதம் கூடக் கிடைக்காமலே எங்களிடம் இருந்தது. நானும் அப்படி இருத்தியிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

உங்களுடைய முதலாவது இலக்குக் கூட்டத்தில் ஒரு வீதத்தை மட்டும் எழுதித் தந்தால், பரீட்சை எண்களை மட்டும் வைத்துப் படியேற்றத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்று 2018இல் அரசாங்கம் அமைத்த ஆலோசனைக் குழுவே பரிந்துரைத்தது என்பதைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். படியேற்றம் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதற்குத் தொழிற்சங்க உறுப்புரிமை பெரிய துணை. நான் அப்போது சங்கத்தில் சேர்ந்திருக்கவில்லை. கையில் சான்றும் இருக்கவில்லை. ஆகவே செப்டெம்பர் முதல் வாரத்திலேயே ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அன்று அது எதை வாசித்தது, எந்தக் கணக்கில் நின்றுவிட்டது என்று திகதி போட்டு எழுதுங்கள். பட்டியலின் அடியில் இருக்கிற பிள்ளையின் பக்கத்தை முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா