கேள்வி நேரம்: இருபது நிமிடத்தில் வருவது யார்?

கேள்வி: ஐயா, ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். புள்ளியியலில் பிள்ளைகள் சூத்திரத்தைப் போட்டு விடையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். கணக்கில் வரும் பெயர்களை எடுத்துவிட்டு என் மாணவர்களின் பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் சிரித்தார்கள், அவ்வளவுதான். வேறு என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: பெயர் மாற்றும் வேலையை நானும் பல வருடம் செய்தவன்தான். பெயர் நம் பிள்ளையுடையது, எண் யாருடையதோ. அதனால்தான் ஒட்டவில்லை. எண்ணை அவர்களே திரட்ட வேண்டும். அதற்கு முன்னால், விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும் ஒரு கேள்வி வேண்டும்.

என் வகுப்பில் அது தாமதத்தைப் பற்றிய சண்டையில் கிடைத்தது. சரி, வீட்டிலிருந்து வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதச் சொன்னேன். ஒருவன் ‘அரை மணி’ என்றான், ஒருத்தி ‘பக்கம்தான்’ என்று எழுதினாள். அதையெல்லாம் நிமிடமாக்கவே பாதி வகுப்பு போய்விட்டது. போகட்டும், அதுவும் பாடம்தான். பாடநூல் எண்கள் குளித்துத் தலைவாரி வந்து நிற்பவை. ஒரு குழுவின் ஏழு பேருக்கு இப்படி வந்தது: 5, 8, 10, 10, 12, 15, 80. கூட்டினால் 140, சராசரி 20. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சார், இருபது நிமிஷத்துல வர்றது யாரு?” யாருமில்லை! ஆறு பேர் அதற்குக் கீழே, ஒரே ஒருத்தி எங்கேயோ மேலே. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 10, அதிக முறை வரும் முகடும் 10. பள்ளி தொடங்கும் நேரத்தை முடிவு செய்ய எந்த எண்ணைப் பார்ப்பது என்று அப்புறம் அவர்களே மோதிக்கொண்டார்கள். எண்பது நிமிடக்காரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று ஒருவன் சொல்ல, அவள் விட்டாளா என்ன?

ஒன்றில் மட்டும் கவனம். உடல் எடை, வீட்டு வருமானம், தேர்வு மதிப்பெண் பக்கம் போகாதீர்கள். எடையை எழுதச் சொல்லி, ஒரு பெண் வெற்றுத் தாளைக் கொடுத்த நாளில் எனக்கு உறைத்தது.

கேள்வி: எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்துக்கும் இதுபோல ஏதாவது உண்டா? பத்தாம் வகுப்பில் அதுதான் பெரிய தலைவலி.
– இன்னோர் ஆசிரியர்

பதில்: கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் ஆனது என்று தோன்றும்போது கை தூக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது வினாடியில் கை எழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை 55, 58, 60, 62, 65 என்றும், இன்னொன்று 35, 50, 60, 70, 85 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 60. எந்த வரிசையின் கணிப்பை நம்பலாம் என்று கேளுங்கள். சூத்திரம் தெரியாத பிள்ளையும் முதல் வரிசையைத்தான் காட்டும். அது எப்படித் தெரிந்தது என்று விடாமல் கேளுங்கள். ‘அறுபதிலிருந்து ரொம்பத் தள்ளிப் போகவில்லை’ என்ற பதில் வரும் வரை கரும்பலகையில் சூத்திரத்தை எழுத வேண்டாம். பிறகு கணக்குப் போட்டால் ஒன்றுக்குச் சுமார் 3.4 வினாடி, மற்றதற்குச் சுமார் 17.

இன்னும் ஆர்வம் இருந்தால் 1973-இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, விலக்கம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றேதான், வரைந்தால் நான்கும் நான்கு உருவம். நான் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வகுப்பு அது.