ரேங்குக்கு பேத்தாலஜிதான் வரும், எடுக்கலாமா?

கேள்வி: ஹவுஸ் சர்ஜன்சி முடியப்போகிறது. நீட் பிஜி ரேங்கைப் பார்த்தால் ஜெனரல் மெடிசின் கிடைக்காது, எம்டி பேத்தாலஜி (திசு, ரத்தம் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) கிடைக்கும். "ரத்தம் டெஸ்ட் பண்ணவா இத்தனை வருஷம் படிச்சே?" என்கிறார் அப்பா. நோயாளியையே பார்க்க முடியாதா? வருமானம் எப்படி?

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். ரத்தம் எடுப்பதும் மெஷினில் ஓட்டுவதும் டெக்னீஷியன் வேலை. மார்பில் கட்டி என்று ஒரு பெண் வந்தால் அது புற்றுநோயா, எந்த வகை, எந்த கிரேடு, ஹார்மோன் ரிசப்டர் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான், அந்தத் தாள் வரும்வரை சர்ஜனும் ஆன்காலஜிஸ்ட்டும் காத்திருப்பார்கள். ஃப்ரோசன் செக்‌ஷன் என்றால் இன்னும் மோசம். வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு தியேட்டரிலிருந்து திசுவை அனுப்புவார்கள், கிரையோஸ்டாட்டில் உறைய வைத்து வெட்டி, சாயம் போட்டு, சுமார் 20 நிமிடத்தில் நீங்கள் போனில் பதில் சொல்ல வேண்டும். ஏசி ரூமில் நிம்மதியான வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நோயாளியைப் பார்க்கவே முடியாது என்பதும் சரியில்லை. கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசி போட்டு செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி சோதனையைச் செய்வது நம் ஊரில் பெரும்பாலும் பேத்தாலஜிஸ்ட்தான். ஆனால் தினமும் ஓபி, "டாக்டர் நல்லாயிட்டேன்" என்று கும்பிடுகிற முகங்கள், அதெல்லாம் கிடையாது. அது இல்லாமல் முடியாது என்றால் இங்கே வராதீர்கள். (சீரியல் பார்த்துவிட்டு போஸ்ட்மார்ட்டமா என்று கேட்பார்கள். போலீஸ் கேஸ் எல்லாம் ஃபாரன்சிக் மெடிசின்.)

எம்டி 3 வருடம். கல்லூரியைப் பெயர் பார்த்து எடுக்காதீர்கள், பயாப்சி எவ்வளவு வருகிறது, ஐஹெச்சி (திசுவில் குறிப்பிட்ட புரதங்களைச் சாயம் போட்டுக் காட்டும் சோதனை) உள்ளேயே செய்கிறார்களா என்று அங்கே படிக்கிற சீனியரிடம் கேளுங்கள். இந்தத் துறையில் கண் பழகுவதுதான் படிப்பு, ஸ்லைடு வராத இடத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாண்ட் (சீட்டுக்காக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்) நிபந்தனையையும் படித்துவிடுங்கள், நடுவில் விட்டால் கட்ட வேண்டிய தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வருமானம் மெதுவாகத்தான் ஏறும். வெறும் எம்டியோடு நிற்காமல் எம்டிக்கு மேல் படிக்கும் டிஎம்மில் ஹெமட்டோபேத்தாலஜி (ரத்த நோய்கள்), ஆன்கோபேத்தாலஜி (புற்றுநோய்), அல்லது பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் ஃபெல்லோஷிப் என்று ஒரு பக்கம் போனால் மதிப்பு கூடும். வெளிநாடு போக ஆசையிருந்தால் இங்கிலாந்தின் எஃப்ஆர்சிபேத் தேர்வு ஒரு வழி. சொந்த லேப் வைக்கலாம், ஆனால் அது பாதி வியாபாரம், ரெஃபரல் கமிஷன் கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்கும் மனசு வேண்டும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். லேப் ரிப்போர்ட்டில் பேத்தாலஜி முதுநிலை படித்த டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உடனே, "வரவே வேண்டாம் மேடம், கையெழுத்து மட்டும் போதும், மாசம் இவ்வளவு" என்று கூப்பிடும் லேப்களும் இருக்கின்றன. படித்து முடித்த மறுநாளே போன் வரும், எனக்கும் வந்தது. பார்க்காத ஸ்லைடுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, எடுக்கலாமா? ஹவுஸ் சர்ஜன்சி முடிவதற்குள் உங்கள் கல்லூரி பேத்தாலஜி பிஜி ஒருவரிடம் கேட்டு, நாலு நாள் மதியம் பல பேர் ஒரே ஸ்லைடைப் பார்க்கும் மல்டிஹெட் மைக்ராஸ்கோப்பில் கூட உட்காருங்கள். வந்த திசுவை வெட்டிப் பார்க்கும் கிராசிங் ரூமில் ஃபார்மலின் நெடியோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள். அப்புறம் கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் பண்ணுங்கள்.