தனுஷ்கோடி பழைய ரயில் நிலையம்: அரிச்சல்முனைக்கு முன்பே இறங்குங்கள்

வணக்கம். தனுஷ்கோடியில் சாலை முடியும் அரிச்சல்முனை வரை போயும் பழைய ஸ்டேஷன் கண்ணில் படவில்லை, இந்த முறை 75 வயது அப்பாவும் வருகிறார், எங்கே இறங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். ஸ்டேஷன் முனையில் இல்லை. அதற்குச் சில கிலோமீட்டர் முன்பே, இடிந்த சர்ச் இருக்கும் பழைய ஊரில் இருக்கிறது. டிரைவரிடம் "சர்ச் பக்கம் நிறுத்துங்க" என்றால் போதும்.

பிளாட்பாரம், தண்டவாளம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1964 டிசம்பர் புயல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து. மிச்சம் சில சுவர்த்துண்டுகளும், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்களும்தான். சர்ச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பவளப்பாறைக் கல்லின் ஓட்டைகளும் வரிகளும் அப்படியே தெரியும்.

அப்பா சின்ன வயதில் அங்கிருந்துதான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார் என்கிறீர்கள். எந்த வருஷம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புயலுக்கு அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் போனது. அவர் போனது புயலுக்கு அப்புறம் என்றால், அவர் தேடும் இடமே வேறு.

காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது, மணலில் கால் புதையும், அவருக்குக் கைத்தடி நல்லது. சாயங்காலம் நெருங்கினால் போலீஸ் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொரித்த மீன் அங்கேயே சுடச்சுடக் கிடைக்கும். தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.